கோப்பைக்கு வடக்கே ஒரு கரண்டி

முதலில் ஒரு சின்ன வேலை. வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் இருந்தால் ஒரு மாடு, ஒரு குதிரை, ஒரு பன்றி எடுத்து மேசையில் வரிசையாக வையுங்கோ. மூன்றும் உங்கட வலப்பக்கம் பார்த்தபடி நிற்கட்டும். வரிசையை மனதில் பதித்துக்கொண்டு அப்படியே மற்றப்பக்கம் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு மேசையில் அதே வரிசையை அடுக்குங்கோ.

"அதே வரிசை" எண்டால் எது? முதல் மேசையில் வலப்பக்கம் கிழக்கு எண்டு வைப்பம். இரண்டாவது மேசையிலும் விலங்குகளை வலப்பக்கம் பார்க்க வைத்தால் அவை இப்ப மேற்கைப் பார்க்கும். கிழக்கையே பார்க்க வைத்தால் அவை உங்கட இடப்பக்கம் பார்க்கும். இரண்டு விடையும் சரிதான். இதை எழுதுகிற நாங்கள் எல்லாரும் ஒரு கணமும் யோசிக்காமல் வலப்பக்கம் பார்க்கத்தான் வைத்தோம். அறையில் கிழக்கு எந்தப் பக்கம் எண்டு அறிய போனை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த விளையாட்டு மொழியியலில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஒரு சண்டையின் நடுவில் வந்தது. பேசுகிற மொழி நாங்கள் சிந்திக்கிற விதத்தை மாற்றுமா எண்டதுதான் சண்டை. அந்தச் சண்டையில் தமிழும் ஒரு சாட்சியாகக் கூப்பிடப்பட்டது. அந்தச் சாட்சி சொன்னதை விளங்கிக்கொள்ள, கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

வெறும் பீப்பாய்

பெஞ்சமின் லீ வோர்ஃப் அமெரிக்காவில் ஒரு தீக்காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவர். மொழிகளை ஆராய்ந்தது மிச்ச நேரத்தில். தீ விபத்துகள் ஏன் நடக்கின்றன எண்டு பார்ப்பது அவருடைய தொழில். அப்படிப் பார்க்கும்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பெற்றோல் நிறைந்த பீப்பாய்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் மிகவும் கவனமாக இருந்தார்கள். "வெறும்" பீப்பாய்களுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்தார்கள். உண்மையில் வெறும் பீப்பாயில்தான் தீப்பற்றக்கூடிய ஆவி நிறைந்திருக்கும். வெறும் எண்ட சொல், உள்ளே ஒன்றும் இல்லை, பயமில்லை எண்டு அவர்களை நினைக்க வைத்தது எண்டார் வோர்ஃப்.

இந்த உதாரணம் வருகிற கட்டுரை 1941 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வோர்ஃப் 44 வயதில் இறந்துபோனார். கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், வழமையான சிந்தனைக்கும் நடத்தைக்கும் மொழியோடு உள்ள உறவு. அதில் "வழமையான" எண்ட சொல்லைக் கவனியுங்கோ. தேசவழமை எண்டு நாங்கள் சொல்லும்போது வருகிற அதே வழமை: ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்து ஊரிப்போன ஒன்று. பிறகு வந்தவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, "மொழி ஒரு சிறை, அதைத் தாண்டிச் சிந்திக்க முடியாது" எண்ட பெரிய கருத்தை வோர்ஃபின் தலையில் கட்டினார்கள். பெரிய கருத்தை உடைப்பது சுகம். அமெரிக்காவின் ஹோப்பி மக்களின் மொழியில் எங்களைப்போல நேரத்தைக் குறிக்கும் சொற்கள் இல்லை எண்டு வோர்ஃப் எழுதியிருந்தார். 1983 இல் எக்கெஹார்ட் மலொட்கி என்பவர் அந்த மொழியில் நேரத்தைப் பேசும் வழிகளை அறுநூறு பக்கத்துக்கு மேல் தொகுத்து, அது பிழை எண்டு காட்டினார்.

ஆனால் அதுக்கு நெடுநாள் முன்பே வோர்ஃபின் பக்கம் ஆளில்லாமல் போயிருந்தது. அதுக்குக் காரணம் நோம் சொம்ஸ்கி.

அர்த்தம் திரும்பி வந்தது

1957 இல் வெளிவந்த சொம்ஸ்கியின் சின்னப் புத்தகம் மொழியியலின் திசையையே மாற்றியது. ஒரு வசனம் இலக்கணப்படி சரியா பிழையா எண்டதை அதன் அர்த்தத்தைத் தொடாமலே தீர்மானிக்கலாம் எண்டார் அவர். பிறகு வந்த ஆண்டுகளில், மனிதக் குழந்தை மொழிக்கான ஒரு தனியான இயல்பாற்றலோடு பிறக்கிறது எண்ட கருத்தும் வலுத்தது. மொழிகளுக்கு இடையிலான வேறுபாடு மேலோட்டமானது எண்டால், அந்த வேறுபாடு சிந்தனையை மாற்றுமா எண்டு கேட்பதிலேயே அர்த்தமில்லை. 1969 இல் பிரென்ட் பேர்லினும் போல் கேயும் 98 மொழிகளின் நிறப்பெயர்களை ஒப்பிட்டு, அவை வளர்வதில் ஒரு பொதுவான ஒழுங்கு இருக்கிறது எண்டு எழுதியதும் வோர்ஃபுக்கு எதிரான சாட்சியாகத்தான் எடுக்கப்பட்டது.

எதிர்ப்பு சொம்ஸ்கியின் முகாமுக்கு உள்ளேயிருந்தே வந்தது. ஜோர்ஜ் லேக்கொவ் உட்படச் சில இளம் ஆய்வாளர்கள் அர்த்தத்தை வெளியே விட்டுவிட்டு இலக்கணம் எழுத முடியாது எண்டு 1960களின் கடைசியில் வாதாடத் தொடங்கினார்கள். சண்டை அவ்வளவு கசப்பாக நடந்ததால், பிறகு அதன் வரலாற்றை எழுதிய ஒரு நூலுக்கு "மொழியியல் போர்கள்" எண்டே பெயர் வைக்கப்பட்டது. லேக்கொவின் பக்கம் அந்தப் போரில் தோற்றது. தோற்றவர்கள் வேறு இடத்தில் துணை தேடினார்கள்.

ஒரு துணை உளவியலில் கிடைத்தது. எலினோர் ரொஷ் 1970களில் செய்த சோதனைகள், மனிதர் பொருட்களை வகைப்படுத்துவது அகராதி வரைவிலக்கணத்தின்படி நடப்பதில்லை எண்டு காட்டின. பறவை எண்டு சொன்னவுடன் எங்களுக்குக் காகமோ கிளியோதான் மனதில் வரும். கோழி பிந்தித்தான் வரும். பென்குயின் இன்னும் பிந்தி வரும். எல்லாம் பறவைதான், ஆனால் சில மற்றதுகளைவிடக் கூடப் பறவை.

மற்றத் துணை உருவகம். 1980 இல் லேக்கொவும் மெய்யியலாளர் மார்க் ஜோன்சனும் சேர்ந்து எழுதிய புத்தகம், உருவகம் எண்டது கவிஞர் பூசுகிற நிறம் எண்ட எண்ணத்தை உடைத்தது. சந்தைக்குப் போய் வந்த அம்மா "விலை ஏறிட்டுது" எண்டு சொல்கிறா. பிள்ளைக்குக் "காய்ச்சல் இறங்கிட்டுது" எண்டும் சொல்கிறா. விலைக்கும் காய்ச்சலுக்கும் காலில்லை. எங்கேயும் ஏறவோ இறங்கவோ இல்லை. அளவு கூடுவதை மேலே போவதாகத்தான் நாங்கள் நினைக்கிறோம். பாத்திரத்தில் தண்ணி ஊற்றினால் மட்டம் உயரும் எண்டதைச் சின்ன வயதிலிருந்தே கண்ட உடம்பு அது.

காலத்தைப் பற்றிய பேச்சு இன்னும் சுவாரசியம். முன்னோர் இறந்த காலத்தில் இருக்கிறார்கள். முன்னேற்றம் வருங்காலத்தில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே "முன்". குழப்பம்போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வேறு படங்கள் இருக்கின்றன. ஒன்று கியூ: எங்களுக்கு முன்னால் நிற்கிறவர் முந்திப் போய்விடுவார், அவர்தான் முன்னோர். மற்றது நடை: நாங்கள் நடந்து போகிற பக்கம் முன்பக்கம், அங்கேதான் முன்னேற்றம். காலத்தை எங்கட மொழி இடமாக மாற்றித்தான் பேசுகிறது.

1987 இல் லேக்கொவின் பெரிய நூலும் ரொனால்ட் லங்காக்கரின் இலக்கண நூலின் முதற் பாகமும் வெளிவந்தன. 1989 இல் ஜேர்மனியின் டுயிஸ்பேர்க் நகரில் நடந்த மாநாட்டில் இந்தத் துறைக்கு ஒரு சர்வதேசச் சங்கம் உருவானது. 1990 இல் "அறிகை மொழியியல்" எண்ட பெயரிலேயே ஒரு சஞ்சிகை தொடங்கியது. தோற்றவர்களுக்கு இப்ப சொந்த வீடு கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு குறை இருந்தது. காலத்தை இடமாகப் பேசுகிறோம், அளவை உயரமாகப் பேசுகிறோம், எல்லாத்துக்கும் அடியில் இடம் இருக்கிறது எண்டு சொன்னார்கள். அந்த "இடம்" எல்லா மனிதருக்கும் ஒரே மாதிரியா எண்டு கேட்கவில்லை. ஆய்வாளர் தன் தலையிலிருந்து எடுத்த உதாரணம், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலம், அதுதான் தரவு.

திசையோடு வாழ்கிறவர்கள்

அவுஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் கூகு யிமிதிர் எண்ட மொழி பேசுகிற மக்கள் இருக்கிறார்கள். 1770 இல் கப்டன் குக்கின் கப்பல் அங்கே திருத்தவேலைக்கு நின்றபோது அவர்களிடம் கேட்டு எழுதிய சொல்தான் கங்காரு. இந்த மொழியை 1970களிலிருந்து ஆராய்ந்த ஜோன் ஹவிலண்ட், அவர்கள் பக்கத்தில் இருக்கிற பொருளைச் சொல்லவும் இடது வலது எண்ட முறையைப் பாவிப்பதில்லை எண்டு காட்டினார். தள்ளி இருக்கச் சொல்வதெண்டாலும் "கொஞ்சம் கிழக்கே தள்ளி இரு" எண்ட மாதிரித்தான்.

1990களில் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஸ்டீபன் லெவின்சனும் கூட்டாளிகளும் இதை உலகம் முழுக்கச் சோதிக்கத் தொடங்கினார்கள். மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மலைநாட்டில் செல்டால் பேசுகிறவர்கள் "மேட்டுப்பக்கம்", "பள்ளப்பக்கம்" எண்டு இடத்தைச் சொன்னார்கள். சமதரையில் நிற்கும்போதும் மேட்டுப்பக்கம் அவர்களுக்கு மேட்டுப்பக்கம்தான். நாங்கள் தொடக்கத்தில் சொன்ன மூன்று விலங்கு விளையாட்டு இந்தக் குழுவினுடையது. அதில் வாய் திறக்கத் தேவையில்லை. பேசாமல் இருக்கும்போது மனதில் என்ன முறை ஓடுகிறது எண்டதைப் பிடிக்கத்தான் இந்தத் தந்திரம். செல்டால்காரர் பெரும்பாலும் திசையைக் காப்பாற்றினார்கள். ஒல்லாந்தர் இடது வலதைக் காப்பாற்றினார்கள்.

இதிலிருந்து "ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு சிந்தனை" எண்டு முடிவுகட்டுவது லேசு. அந்த இடத்தில்தான் தமிழ் வருகிறது.

ஒரு மொழி, இரண்டு வழமை

எரிக் பெடர்சன் எண்ட ஆய்வாளர் தமிழ்நாட்டில் தமிழ் பேசுகிற இரண்டு சமூகங்களோடு வேலை செய்தார். ஒன்று கிராமத்துச் சமூகம், மற்றது நகரத்துச் சமூகம். நகரத்தவர் மேசையில் இருக்கிற பொருட்களை இடது வலது எண்டு சொன்னார்கள். கிராமத்தவர் அதையே வடக்கு தெற்கு எண்டு சொன்னார்கள். கோப்பைக்கு வடக்கே கரண்டி இருக்கிறது எண்டு சொல்வது அவர்களுக்கு விசித்திரமில்லை. உடம்பைத் திருப்பிவிட்டுச் செய்கிற, பேச்சில்லாத சோதனையிலும் இரண்டு சமூகத்தவரின் போக்கும் அவரவர் பேசும் முறையோடுதான் பொருந்தியது. இந்த ஆய்வு 1995 இல் அதே "அறிகை மொழியியல்" சஞ்சிகையில் வந்தது. 1998 இல் பல மொழிகளை ஒப்பிட்டு பெடர்சனும் லெவின்சனும் மற்றவர்களும் எழுதிய பெரிய கட்டுரையிலும் தமிழ் இருந்தது.

இதில் என்ன விசேஷம்? இரண்டு பகுதியாருக்கும் சொற்கள் ஒன்று. இடது, வலது, வடக்கு, தெற்கு எல்லாம் இரண்டு பேருடைய தமிழிலும் இருக்கின்றன. வேற்றுமை உருபும் வினைமுற்றும் ஒன்று. வேறாக இருந்தது எதை அன்றாடம் எடுத்துப் பாவிக்கிறார்கள் எண்டதுதான். ஆகவே சிந்தனையோடு பொருந்திப் போவது "தமிழ்" எண்ட முழு மொழி எண்டு சொல்ல வழியில்லை. அந்த ஊரில் அந்தத் தமிழைப் பேசுகிற வழமைதான் பொருந்துகிறது. வோர்ஃபின் தலைப்பிலிருந்து தொலைந்துபோன சொல்லை, அரை நூற்றாண்டு கழித்து ஒரு தமிழ்க் கிராமமும் ஒரு தமிழ் நகரமும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தன.

சண்டை முடியவில்லை

ஆனால் கிராமமும் நகரமும் பேச்சில் மட்டுமா வேறுபடுகின்றன? வாழ்கிற இடமே வேறு. அப்ப காரணம் பேச்சா, இடமா? பெகி லீயும் லைலா கிளைற்மனும் 2002 இல் இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டார்கள். அவர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதே விளையாட்டைச் செய்தபோது, யன்னல் மறைப்பு மூடிய அறையில் மாணவர்கள் இடது வலதைக் காப்பாற்றினார்கள். மேசையில் ஒரு அடையாளப் பொருளை வைத்தவுடன் விடைகள் மாறின. சுற்றியிருப்பது மாறினால் விடையும் மாறுகிறது, மொழியை ஏன் இழுக்கிறீர்கள் எண்டது அவர்கள் வாதம். அடையாளப் பொருள் வைத்தால் சோதனையே வேறொன்றாகிவிடும், அது திசையைச் சோதிப்பதில்லை எண்டு லெவின்சன் குழு அதே ஆண்டில் பதில் எழுதியது. 2006 இல் அவர்கள் மனிதக் குரங்குகளையும் சின்னப் பிள்ளைகளையும் சோதித்து, தன்னை மையமாக வைக்கிற முறை மனிதரின் இயல்பான தொடக்கம் இல்லை எண்டார்கள். 2011 இல் லீயும் கூட்டாளிகளும் செல்டால்காரரிடமே திரும்பிப் போய், தேவை வந்தால் இடது வலது முறையிலும் அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் எண்டு காட்டினார்கள். வழமை ஒரு பக்கம் சாய்க்கும், மற்றப் பக்கக் கதவைப் பூட்டாது.

பிறகு வந்த ஆய்வுகள் "மொழியா சூழலா" எண்ட கேள்வியையே பிரித்துப் போட்டன. பியர் டாசனும் ரமேஷ் மிஸ்ராவும் 2010 இல் வெளியிட்ட நூலில் வாரணாசிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரே நகரம். ஆனால் சமஸ்கிருதப் பாடசாலையில் படிக்கிற பிள்ளைகள் இந்திப் பாடசாலைப் பிள்ளைகளைவிடத் திசையை வைத்து அதிகம் சிந்தித்தார்கள். சடங்கிலும் படிப்பிலும் திசை அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிறது. மாலைதீவில் ஜொனதன் லம் செய்த ஆய்வில், எங்கட சிங்கள மொழிக்கு உறவான திவேகி மொழியைப் பேசுகிறவர்களுக்குள்ளேயே கடற்றொழில் செய்கிறவர்கள் திசைச் சொற்களைக் கூடுதலாகப் பாவித்தார்கள். 2017 இல் பில் பாமர், லம், மற்றும் கூட்டாளிகள் இதையெல்லாம் சேர்த்து ஒரு மாதிரியை முன்வைத்தார்கள்: நிலம், அந்த நிலத்தில் ஆட்கள் செய்கிற வேலை, அவர்களுடைய பண்பாடு, மொழி, எல்லாம் ஒன்றையொன்று உருவாக்குகின்றன.

துறையும் தன்னைத்தானே கேள்வி கேட்கத் தொடங்கியது. 2016 இல் எவா டப்ரோவ்ஸ்கா, அறிகை மொழியியலின் "ஏழு பெரும் பாவங்கள்" எண்டு ஒரு பட்டியல் போட்டார். சொந்த உள்ளுணர்வை அளவுக்கு மீறி நம்புவது அதில் ஒன்று. 2022 இல் டமியன் பிளாசியும் கூட்டாளிகளும், மனித மனத்தைப் பற்றிய ஆய்வுகள் ஆங்கிலம் பேசுகிறவர்களையே நம்பியிருப்பதால் அறிவியல் தடுமாறுகிறது எண்டு எழுதினார்கள். தலையிலிருந்து எடுத்த உதாரணத்தின் இடத்துக்கு இண்டைக்கு பெரிய மொழித் தரவுகளும், சோதனைகளும், பல மொழிகளில் செய்யும் களஆய்வும் வந்துகொண்டிருக்கின்றன.

இதில் எங்களுக்கு என்ன?

மேடைகளில் நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று இருக்கிறது. தமிழருக்கெண்டு தனிச் சிந்தனை, தமிழ் மொழிதான் அதைத் தந்தது எண்டு. கைதட்டு விழும். அதே வாயால், இன்னொரு மொழி பேசுகிறவருக்கு இன்னொரு புத்தி எண்டு சொல்வதும் லேசாகிவிடுகிறது. இந்த நாட்டில் அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது எண்டு எங்கட தலைமுறைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பெடர்சனின் இரண்டு சமூகங்கள் அந்தப் பேச்சுக்குச் சரியான பதில். ஒரே தமிழுக்குள் இரண்டு வழமை. மாலைதீவு மீனவருக்கும் தமிழ்நாட்டுக் கிராமத்தவருக்கும் மொழி வேறு, ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் தங்கட சொந்த மொழி பேசுகிற நகரத்தவரைவிட ஒருவருக்கொருவர் கிட்ட.

மற்றது, எங்கட ஊர்களைப் பாருங்கோ. காணி உறுதியில் நாலு எல்லையும் திசையால்தான் எழுதப்படுகிறது: வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய காணி. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் எண்டு காற்றின் பெயரிலேயே திசை இருக்கிறது. வள்ளம் இறக்குகிறவருக்கு அது தெரியாமல் தொழில் இல்லை. அதே நேரம் கொழும்பில் ஓட்டோவில் ஏறினால் "லெப்டுக்குத் திருப்புங்கோ" எண்டுதான் சொல்கிறோம். காணியை விட்டு, கடலை விட்டு வந்தவர்கள் எத்தனை பேர் எங்கட குடும்பங்களில்? மொழி அவர்களோடு பஸ் ஏறி வந்தது. வழமை ஒரு நிலத்தில் வேலை செய்து பழகினது எண்டால், நிலம் மாறும்போது அதுவும் மெல்லக் கழன்று போகலாம். சொல் அகராதியில் பத்திரமாக இருக்கும், ஆனால் கை அந்தப் பக்கம் போகாது. மொழியைக் காப்பாற்றுவது எண்டு நாங்கள் பேசும்போது பெரும்பாலும் சொற்களை மட்டும்தான் எண்ணுகிறோம்.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். மூன்று பொம்மை, இரண்டு மேசை, ஒரு கொப்பி போதும். மொழியியலும் தமிழும் படிக்கிறவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது செய்து பார்க்கலாம். சில விதிகள் மட்டும்: செய்முறையை விளங்கப்படுத்தும்போது இடது, வலது, வடக்கு எண்ட சொற்களைப் பாவிக்காதீர்கள். சரி பிழை சொல்லாதீர்கள். ஒரே ஆளிடம் வீட்டுக்குள்ளேயும் முற்றத்திலும் செய்து பாருங்கோ. கடலுக்குப் போகிறவர், வயலுக்குப் போகிறவர், கந்தோருக்குப் போகிறவர், வளவை விட்டு வெளியே அதிகம் போகாத அம்மம்மா, எல்லாரிடமும் கேளுங்கோ. வயது, தொழில், எந்த ஊரில் வளர்ந்தவர் எண்டதை எழுதி வையுங்கோ.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கோ: வடக்கு எந்தப் பக்கம்? ஆர் உடனே கை நீட்டுகிறார், ஆர் எங்களைப்போல போனைத் தேடுகிறார் எண்டதையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கோ.